மெலிவின் எல்லை: மின்சுற்றுப் பலகைக்குத் தடிமன் தேர்தல்

சவ்வாது மலையில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், காவலூரின் காட்டு வெளியில் நிற்கிறது வைணு பாப்பு வானாய்வகம். கொடைக்கானல் பட்டறையில் செய்யப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கியோடு 1968இல் இங்குப் பணி தொடங்கிற்று. 1972இல் கிழக்குச் செருமனியின் யேனா நகரத்துக் கார்ல் சைசு நிறுவனம் செய்த 102 செ.மீ. தொலைநோக்கி வந்து சேர்ந்தது. 1986 சனவரி 6ஆம் நாள், 2.34 மீட்டர் விட்டமுள்ள பேராடியைக் கொண்ட தொலைநோக்கிக்கு, அதனைத் திட்டமிட்டு, முடிவதைக் காணாமலே 1982இல் மறைந்த வைணு பாப்புவின் பெயரை அன்றைய தலைமை அமைச்சர் இராசீவ் காந்தி சூட்டினார். அந்தப் பேராடி பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் பட்டறையில் தேய்த்து மெருகேற்றப்பட்டது. தாங்கும் இரும்புக் கட்டமைப்பை வால்சந்த்நகர்த் தொழிற்சாலை செய்தளித்தது.

காவலூருக்குச் செல்வோர் அண்ணாந்து பார்ப்பது பேராடியை. அவர்கள் கண்ணில் படாமல் இயங்குவன மின்சுற்றுப் பலகைகள். ஆடி குவிக்கும் விண்மீன் ஒளி, ஒளியுணர் சில்லில் மின்னூட்டமாக மாறி, செம்புத் தடங்கள் வழியே ஓடி, எண்ணாகிக் கணிப்பொறியை அடைகிறது. 1977 மார்ச்சு 10ஆம் நாள் யுரேனசு ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பதை உலகம் அறிந்தது. அன்று அந்த மறைப்பைப் பதிவு செய்த ஆய்வகங்களுள் காவலூரும் ஒன்று. விண்மீன் ஒளியில் சிறு பொழுது நேர்ந்த சரிவே சான்று. அச்சரிவைக் கண்டு எழுதிவைத்தது மின்னணுக் கருவி.

டன் கணக்கில் எடையுள்ள ஆடிக்கும் விரல்நுனியில் நிற்கும் பலகைக்கும் பொதுவானது ஒரு வினா: எத்துணைத் தடிமன் வேண்டும்? இரண்டுக்கும் விடை தருவது ஒரே இயற்பியல் விதி.

முப்படி விதி

தட்டையான எப்பொருளும் வளைவதை எதிர்க்கும் ஆற்றல் அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்ப அமைகிறது. இவ்வாற்றலை விறைப்பு என்போம். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகும். கால் பங்கானால் அறுபத்து நான்கில் ஒன்றாகும். மின்சுற்றுப் பலகையின் வழக்கமான தடிமன் 1.6 மி.மீ. அதை 0.8 மி.மீ. ஆக்குவோர் பாதிப் பொருளை மிச்சப்படுத்துகிறார்கள். ஆனால் விறைப்பில் எட்டில் ஏழு பங்கை இழக்கிறார்கள்.

ஒரு கணக்கால் இதை அருகிலிருந்து காணலாம். கண்ணாடியிழைத் துணியை எபாக்சிப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் பொருள், ‘எஃப்.ஆர்.-4’ என்று வழங்குவது. அதன் மீள்மைக் குணகம் ஏறத்தாழ 22 கிகாபாசுகல். 50 மி.மீ. அகலமுள்ள ஒரு பலகையை 80 மி.மீ. இடைவெளியில் இரு முனைகளிலும் தாங்கி வைப்போம். இணைப்பானைச் செருகும்போது விரல் அழுத்துவதைப் போல, நடுவில் 10 நியூட்டன் விசை தருவோம். இது ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்கல்லின் சுமை. 1.6 மி.மீ. பலகை 0.28 மி.மீ. மட்டுமே தாழும், கண்ணுக்குப் புலப்படாது. 0.8 மி.மீ. பலகை 2.3 மி.மீ. தாழும், கையே உணரும். 0.4 மி.மீ. பலகைக்கு இதே வாய்பாடு 18 மி.மீ. என்கிறது. அந்த அளவை எட்டுவதற்குள் பலகை தாங்கியிலிருந்து நழுவிவிடும்.

அதே அழுத்தத்தில் மேற்பரப்பின் திரிபு, அதாவது நீட்சியின் விகிதம், 1.6 மி.மீ. பலகையில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு. 0.8 மி.மீ. பலகையில் பத்தாயிரத்தில் பதினேழு பங்கு. மேற்பரப்பில் பற்றாசு கொண்டு ஒட்டப்பட்ட பீங்கான் மின்தேக்கி நொறுங்கும் இயல்பினது. பலகையோடு சேர்ந்து நீளத் தெரியாது. ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டும் திரிபே அதற்கு அச்சத்துக்குரியது. விரிசல் மின்தேக்கியின் அடியில், பற்றாசின் ஓரத்தில் தொடங்குவதால் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வு மேசையில் நன்றாக இயங்கிய கருவி, ஈரம் புகுந்தபின் மின்கசிந்து வீழும்.

ஆயினும் இதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். விசை ஒன்றாக இருக்கும்போதுதான் மெல்லிய பலகை மிகுதியாகத் திரிகிறது. வளைவு ஒன்றாக இருக்குமாயின் நிலைமை தலைகீழ். ஒரே ஆரமுள்ள உருளைமேல் இரு பலகைகளை வளைத்துப் படியவைத்தால், மெல்லியதன் மேற்பரப்பே குறைவாக நீளும். திரிபு அங்குத் தடிமனுக்கு நேர்விகிதம். ஆதலின் வளைந்த உறைக்குள் ஒட்டிவைக்கும் பலகைக்கு மெலிவு காப்பு. கையால் அழுத்தப்படும் பலகைக்கு மெலிவு இடர். தடிமனைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் வினா இதிலிருந்தே பிறக்கிறது: இப்பலகைக்கு வரப்போவது விசையா, வளைவா?

1.6 எங்கிருந்து வந்தது?

1.6 மி.மீ. என்பது எவரும் கணக்கிட்டுக் கண்ட உகந்த அளவன்று. அது ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு. ஆத்திரியாவில் பிறந்து இலண்டனில் உழைத்த பால் ஐசுலர் 1936ஆம் ஆண்டளவில் அச்சுச் சுற்றால் ஆன வானொலியைச் செய்து காட்டினார். இரண்டாம் உலகப்போரின்போது அந்நுட்பம் அமெரிக்கப் படையின் வெடிகுண்டுத் தூண்டிகளில் பயன்பட்டது. போருக்குப் பின் வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அக்காலத்தில் தாளையும் துணியையும் பிசினில் தோய்த்துச் செய்த மின்காப்புத் தகடுகள் அங்குலக் கணக்கிலேயே சந்தையில் கிடைத்தன. பலகையின் விளிம்பையே செருகிப் பயன்படுத்தும் இணைப்பான்கள் அந்தத் தகட்டின் அளவுக்கேற்பப் பிறந்தன. இணைப்பான்கள் நிலைபெற்றபின் பலகையும் அந்த அளவிலேயே நின்றுவிட்டது.

இன்றும் பல இடங்களில் தடிமனைத் தீர்மானிப்பது இணைப்பானே. கணிப்பொறியின் பழைய பி.சி.ஐ. அட்டை 1.57 மி.மீ.; மடிக்கணினியில் நினைவகத்தைத் தாங்கும் எம்.2 அட்டை 0.8 மி.மீ.; வங்கி அட்டை 0.76 மி.மீ. விளிம்பைச் செருகும் பலகையாயின், வடிவமைப்பாளர்க்குத் தேர்வுரிமை இல்லை. செருகாத பலகையாயின் 0.4, 0.6, 0.8, 1.0, 1.2 மி.மீ. என்று படிப்படியான அளவுகள் பட்டறைகளில் காத்திருக்கின்றன. 0.2 மி.மீ. வரையும் செய்து தருவோர் உண்டு.

அளவைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். முடிவுற்ற பலகையின் தடிமனா, கண்ணாடியிழை உடலின் தடிமனா? இருபுறமும் 35 மைக்ரான் செம்பு, அதன்மேல் 20 மைக்ரான் அளவில் பச்சைப் பூச்சு. இவை சேர்ந்து 0.11 மி.மீ. ஆகும். 1.6 மி.மீ. பலகையில் இது பொருட்டன்று. 0.4 மி.மீ. பலகையில் கால் பங்குக்கு மேல் இதுவே. எஞ்சும் உடல் 0.29 மி.மீ. தான்.

பட்டறைகள் ஏற்கும் அளவு வேறுபாடும் அவ்வாறே. தடித்த பலகைக்குப் பொதுவாகப் பத்து விழுக்காடு ஏறலாம், இறங்கலாம். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே 0.1 மி.மீ. ஏற்ற இறக்கம் என்று வரையறுப்போர் பலர். 0.4 மி.மீ. கேட்டவர்க்கு 0.3 உம் வரலாம், 0.5 உம் வரலாம். முப்படி விதியை இதன்மேல் செலுத்தினால், ஒரே ஆணையின் பேரில் வந்த இரு பலகைகளின் விறைப்பு நான்கரை மடங்குக்கு மேல் வேறுபடக்கூடும். 1.6 மி.மீ. பலகையில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 1.8 மடங்கே. மெல்லிய பலகையின் விறைப்பை நம்பி ஒரு கருவியை வடிவமைப்பது மணல்மேல் கட்டுவதாகும்.

செம்பின் பங்கு

இதுகாறும் கண்ணாடியிழை உடலை மட்டும் எண்ணினோம். செம்பின் மீள்மைக் குணகம் அவ்வுடலினதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அது பலகையின் வெளிப்புறத்தில், வளைவுக்கு மிகுதியாக எதிர்நிற்கும் இடத்தில் அமைந்துள்ளது. 1.6 மி.மீ. உடலின் இருபுறமும் 35 மைக்ரான் செம்பு முழுத் தகடாகப் படிந்திருந்தால் விறைப்பு 1.7 மடங்காகிறது. 0.4 மி.மீ. உடலின் மேல் அதே செம்பு படிந்தால் விறைப்பு நான்கு மடங்காகிறது. மெல்லிய பலகையில் உண்மையில் வளைவைத் தாங்குவது கண்ணாடியிழையன்று, செம்பே.

இதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. வெற்றிடங்களைச் செம்பால் நிரப்பி, அதைப் புவித்தளத்தோடு, அதாவது சுற்றின் சுழிய மின்னழுத்தத் தளத்தோடு, இணைத்துவிட்டால், ஒரு காசும் கூடுதலாகச் செலவழியாமல் மெல்லிய பலகை விறைப்புப் பெறும். மேற்புறம் முழுச் செம்பும் கீழ்ப்புறம் சில தடங்களுமாக விட்டால், வெப்பம் ஏறி இறங்கும்போது இரு புறமும் சமமாக விரிந்து சுருங்கா, பலகை கோணும். நான்கடுக்குப் பலகையில் அடுக்குகளை நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒத்த தடிமனில், ஒத்த செம்பு அளவில் அமைப்பது எல்லாப் பலகைக்கும் நல்லது. மெல்லிய பலகைக்கு இன்றியமையாதது.

உலையின் சோதனை

பலகையின் வாழ்வில் மிகக் கடுமையான பொழுது, உறுப்புகளை ஒட்டுவதற்காக அது உலைக்குள் செல்லும் சில நிமிடங்கள். ஈயமற்ற பற்றாசு உருகுவதற்கு வெப்பநிலை ஏறத்தாழ 245 பாகை செல்சியசு வரை உயர்த்தப்படுகிறது. எபாக்சிப் பிசினோ வகைக்கேற்ப 130 முதல் 180 பாகைக்குள் கண்ணாடித்தன்மை இழந்து இளகுகிறது. ஆக, உறுப்புகளின் எடை முழுவதையும் பலகை தன் இளகிய நிலையில் தாங்கியாக வேண்டும். விளிம்பு இரண்டும் சங்கிலியில் நிற்க, நடுப்பகுதி தொங்குகிறது. குளிரும்போது அந்த வடிவத்திலேயே உறைகிறது. சீரற்ற செம்பும் சேர்ந்தால் மெல்லிய பலகை சுட்ட அப்பளம்போல் நெளிந்து வெளிவரும்.

மேற்பரப்பில் உறுப்புகளை ஒட்டும் பலகைக்குத் தொழில்துறை ஏற்கும் கோணல் 0.75 விழுக்காடு, 100 மி.மீ. நீளத்துக்கு முக்கால் மில்லிமீட்டர். அடியில் நூற்றுக்கணக்கான பற்றாசு உருண்டைகளைக் கொண்ட பெரிய சில்லுக்கு அதுவே மிகுதி. ஆதலால், மெல்லிய பலகைகளை உலோகத்தாலோ வெப்பந்தாங்கும் கூட்டுப்பொருளாலோ ஆன தாங்குதட்டில் பதித்து உலைக்குள் அனுப்புகிறார்கள். அந்தத் தட்டு ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியே செய்யப்பட வேண்டியது. பல பலகைகளை ஒரே தகடாகச் செய்து, பின் முறித்தெடுக்கும் வழக்கத்திலும் மெலிவு குறுக்கிடுகிறது. 1.6 மி.மீ. தகட்டில் இருபுறமும் ஆங்கில ‘வி’ வடிவப் பள்ளம் கீறி முறிக்கலாம். 0.6 மி.மீ. தகட்டில் கீறினால் நடுவில் எஞ்சும் பொருள் போதாமல் உலையிலேயே தொங்கும். அங்குச் சிறு பாலங்களை விட்டுச் சுற்றிலும் குடைந்தெடுக்க வேண்டும். மெல்லிய பலகையின் விலை, பலகைப் பொருளின் விலையோடு முடிவதில்லை.

மெலிவின் பயன்கள்

இத்துணை இடரிருந்தும் மெலிவை நாடுவது ஏன்? முதற்காரணம் எடை. 10 செ.மீ. சதுரப் பலகையின் உடல் 1.6 மி.மீ. தடிமனில் ஏறத்தாழ 30 கிராம், 0.8 மி.மீ. ஆனால் 15 கிராம். ஆனால் இருபுற முழுச் செம்பின் எடை 6 கிராம் அப்படியே இருக்கும். மெலிய மெலிய, எடைக் குறைப்பின் பலனும் மெலிகிறது.

இரண்டாவது, துளைகள். அடுக்குகளை இணைக்கும் துளையின் உட்சுவரில் செம்பு படிய வேண்டும். துளையின் ஆழம் விட்டத்தைப் போல் பல மடங்கானால் படிவுக் கரைசல் உள்ளே சீராகப் பாயாது. 0.2 மி.மீ. துளைக்கு 1.6 மி.மீ. பலகையில் ஆழம் எட்டு மடங்கு; 0.8 மி.மீ. பலகையில் நான்கு மடங்கு. மெல்லிய பலகையில் சிறு துளையை எளிய பட்டறையும் நம்பகமாகச் செய்யும். நெருக்கமான சுற்றை வரைய இடமும் கிடைக்கும்.

மூன்றாவது, உயர் அதிர்வெண். வானொலிச் சைகை செல்லும் தடத்துக்கும் அடியிலுள்ள புவித்தளத்துக்கும் இடையே மின்மறிப்பு பொதுவாக 50 ஓமாக இருக்க வேண்டும். எஃப்.ஆர்.-4 பொருளில் அதற்குத் தடத்தின் அகலம் இடைத்தடிமனைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். ஈரடுக்கு 1.6 மி.மீ. பலகையில் தடம் 3 மி.மீ. அகலம், சில்லின் கால்களோ அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. 0.8 மி.மீ. பலகையில் தடம் 1.5 மி.மீ. ஆகிறது, 0.4 மி.மீ. பலகையில் 0.75 மி.மீ. ஆகிறது. ஈரடுக்குப் பலகையை மெலிதாகக் கேட்போரில் பலர் உண்மையில் வேண்டுவது இதையே. அவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: நான்கடுக்குப் பலகை. அதில் மேல் அடுக்குக்கும் புவித்தளத்துக்கும் இடையே 0.2 மி.மீ. மட்டும் விட்டு, மொத்தத் தடிமனை 1.6 ஆகவே வைத்துக்கொள்ளலாம். மின்னியல் கேட்கும் மெலிவு வேறு. இயக்கவியல் கேட்கும் தடிமன் வேறு. இரண்டையும் ஒரே எண்ணில் அடைக்கத் தேவையில்லை.

இதற்கு விலக்கு வானலைவாங்கி. பலகையிலேயே அச்சிடும் தட்டு வானலைவாங்கிக்கு அகன்ற அலைவரிசை வேண்டுமானால் தடித்த பலகையே ஏற்றது.

நான்காவது, வெப்பம். ஒரு சதுர செ.மீ. பரப்பின் ஊடே வெப்பம் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்ல, 1.6 மி.மீ. பலகை வாட்டுக்கு 53 பாகை அளவில் தடை தருகிறது; 0.4 மி.மீ. பலகை 13 பாகை. பின்புறம் உலோக உறையில் ஒட்டியிருக்கும் பலகைக்கு இது பெரும் பயன். காற்றில் தனித்து நிற்கும் பலகைக்குப் பயன் சிறிதே. அங்கு வெப்பத்தைப் பக்கவாட்டில் பரப்புவது செம்பே.

ஐந்தாவது, பற்றாசின் ஆயுள். சிலிக்கான் ஒரு பாகைக்குப் பத்து இலட்சத்தில் மூன்று பங்கும் விரிவதில்லை. பலகையோ பதினான்கு முதல் பதினேழு பங்கு விரிகிறது. இரண்டுக்கும் இடையே சிக்கிய பற்றாசு, ஒவ்வொரு வெப்பச் சுழற்சியிலும் இழுபடுகிறது. மெல்லிய பலகை சற்றே வளைந்து கொடுத்து அந்த இழுப்பைத் தணிக்கிறது. விறைப்புக் குறைவு இங்கே நன்மையாகிறது.

குளிரறையும் ஏவூர்தியும்

மெலிவின் தேவை கூர்மையாகும் இடங்கள் இரண்டு. ஒன்று, காவலூர் போன்ற வானாய்வகங்களின் ஒளியுணர் கருவி. மங்கிய விண்மீனை நெடுநேரம் நோக்கும்போது சில்லில் தானாக எழும் வெப்ப மின்னோட்டம் சைகையை மூடிவிடும். ஆதலால் திரவ நைட்ரசன் நிரம்பிய வெற்றிடக் கலத்துள் சில்லைச் சுழியத்துக்குக் கீழே நூறு பாகை அளவுக்குக் குளிர்விப்பது வழக்கம். சைகையை வெளியே கொணரும் ஒவ்வோர் இணைப்பும் வெப்பத்தை உள்ளே விடும் வழியாகும்.

50 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. தடிமன் உள்ள எஃப்.ஆர்.-4 பட்டை ஒன்றால் இணைப்பதாகக் கொள்வோம். இரு முனைகளுக்கும் 120 பாகை வேறுபாடு இருந்தால் பட்டையின் உடல்வழி 38 மில்லிவாட்டு உள்ளே புகும். 0.1 மி.மீ. பாலிஇமைடு மென்சுருளால் இணைத்தால் உடல்வழிப் புகுவது ஒரு மில்லிவாட்டைச் சற்றே தாண்டும். ஆனால் அதன்மேல் 0.1 மி.மீ. அகலமும் 18 மைக்ரான் தடிமனும் உள்ள ஐம்பது செம்புத் தடங்கள் ஓடுமாயின், அவை மட்டுமே 43 மில்லிவாட்டு கொணரும். உடலை எட்டில் ஒன்றாக மெலித்தவர் செம்பை மறந்தால் பாதி வேலைதான் முடிந்தது. தடத்தைக் குறுக்கியும் நீட்டியும் வெப்பம் குறைவாகக் கடத்தும் உலோகத்துக்கு மாறியும் எஞ்சிய பாதியை முடிக்க வேண்டும்.

மற்றோர் இடம் விண்வெளி. காவலூரிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் வடகிழக்கே உள்ளது சிறீகரிக்கோட்டா ஏவுதளம். 2017 சூன் 23ஆம் நாள் அங்கிருந்து எழுந்த பி.எசு.எல்.வி.-சி38 ஏவூர்தியில், கன்னியாகுமரி மாவட்டத்து நூருல் இசுலாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ செயற்கைக்கோள் நியுசாட்டு சென்றது. அதே ஏவூர்தியில், இத்தாலிய, இலாத்துவியச் செயற்கைக்கோள்களோடு இணைந்து ‘ஸ்பிரைட்டு’ என்னும் ஆறு நுண்கலங்களும் சென்றன. ஒவ்வொன்றும் 3.5 செ.மீ. சதுரம், 4 கிராம் எடை. கணிப்பான், வானொலி, உணரிகள், கதிரவ மின்கலங்கள் எல்லாம் ஒரே மின்சுற்றுப் பலகையில். அங்கே பலகை கலத்தின் உறுப்பன்று, பலகையே கலம்.

ஏவூர்தியில் பலகைக்கு வரும் சோதனை அதிர்வு. 10 செ.மீ. சதுரப் பலகை நான்கு விளிம்புகளிலும் தாங்கப்பட்டால், உறுப்புகள் ஏதுமின்றி, 1.6 மி.மீ. தடிமனில் அதன் இயல்பு அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 500. 0.8 மி.மீ. ஆனால் 250. ஏவூர்தியின் அதிர்வு மிகுந்த பகுதிக்குள் அது இறங்கிவிடக் கூடும். ஆனால் தாங்கும் இடைவெளியைப் பாதியாக்கினால், அதாவது குறுக்கே விட்டங்கள் கொடுத்துப் பலகையை நான்கு சிறு சதுரங்களாகப் பகுத்தால், அதிர்வெண் நான்கு மடங்காகிறது. 0.8 மி.மீ. பலகை 1000ஐ எட்டி, விட்டமில்லாத தடித்த பலகையை விஞ்சுகிறது. ஸ்பிரைட்டு போன்ற சிறு பலகைக்கு விட்டமும் வேண்டா. விளிம்பு குறுகியதாலேயே அது விறைப்பானது.

விண்ணில் இன்னொரு விளைவும் உண்டு. தாழ்ந்த சுற்றுப்பாதையிலும் சிறிது காற்று இருக்கிறது. எடை குறைந்து பரப்பு குறையாத பொருளை அக்காற்று விரைந்து பின்னிழுக்கும். வெறும் பலகையின் ஒரு சதுர மீட்டர் எடை 1.6 மி.மீ. தடிமனில் 3 கிலோ, 0.4 மி.மீ. தடிமனில் முக்கால் கிலோ. தனித்துப் பறக்கும் பலகையின் தடிமன் அதன் ஆயுளையே அளந்துவிடுகிறது.

பேராடி கற்பிப்பது

ஆடிக்கு வருவோம். ஆடி தன் எடையாலேயே தொய்கிறது. அத்தொய்வு தாங்கும் இடைவெளியின் நாற்படிக்கு நேர்விகிதம். தடிமனின் இருபடிக்கு எதிர்விகிதம். விட்டத்தை இரட்டித்தால் தொய்வு பதினாறு மடங்கு. அதை ஈடுசெய்யத் தடிமனை நான்கு மடங்காக்க வேண்டும். ஆடிகள் வளர வளர இந்த வழி அடைபட்டது. எடை மட்டுமன்று, தடித்த ஆடி பகலின் வெப்பத்தை விடாமல் இரவெல்லாம் தேக்கிவைத்து, தன் மேலுள்ள காற்றைக் கலக்கி விண்மீனை மங்கச் செய்யும்.

மாற்று வழியை அடுத்த தலைமுறை கண்டது. உத்தராகண்டத்துத் தேவஸ்தலில் 2016இல் தொடங்கிவைக்கப்பட்ட 3.6 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி 16.5 செ.மீ. தடிமன் மட்டுமே உடையது. சிலி நாட்டில் ஐரோப்பிய நாடுகள் நிறுவிய 8.2 மீட்டர் ஆடிகள் 17.5 செ.மீ. அளவினவே. விட்டம் இரு மடங்குக்கு மேல் வளர்ந்தும் தடிமன் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. தேவஸ்தலில் 69 தள்ளிகளும் சிலியில் ஆடிக்கு 150 தள்ளிகளும் அடியிலிருந்து ஆடியைத் தாங்கி, கணிப்பொறியின் கட்டளைப்படி வடிவத்தைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. விறைப்பை ஆடியிடம் தேடாமல் தாங்கியிடம் தேடியதே அந்த மாற்றம்.

மின்சுற்றுப் பலகைக்கும் இதுவே பாடம். மைய விசையால் வரும் தாழ்வு, இடைவெளிக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தின் முப்படியைப் பின்பற்றுகிறது. தடிமனைப் பாதியாக்குவோர் தாங்கும் இடைவெளியையும் பாதியாக்கினால் இழந்ததை மீட்டுவிடலாம். ஒரு திருகுக்கால், பின்புறம் ஒட்டிய விறைப்புப் பட்டை, உறையின் உள்விளிம்பு, சில்லின் மேலிட்ட உலோக மூடி, இவற்றுள் எதுவும் அந்தப் பணியைச் செய்யும்.

தேரும் முறை

முறையாகத் தேர்வோர் முதலில் இணைப்பானைக் கேட்க வேண்டும். விளிம்பு செருகப்படுமாயின் விடை அங்கேயே முடிகிறது. அடுத்து, பலகைக்கு வரும் விசைகளையும் அவற்றுக்கு இடைப்பட்ட தாங்கிகளையும் தாளில் குறிக்க வேண்டும். மின்மறிப்புக்காக மெலிவு வேண்டுமானால் அடுக்குகளைக் கூட்டி அதைத் தீர்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும். செம்பை இருபுறமும் ஒத்து அமைக்க வேண்டும். இறுதியாக, பட்டறையிடம் அளவு வேறுபாட்டையும் தாங்குதட்டின் செலவையும் கேட்டறிந்த பின்னரே எண்ணை எழுத வேண்டும்.

இவை எதுவும் மெலிவைக் கட்டாயப்படுத்தாவிடில், 1.6 மி.மீ. பலகையே மலிவும் வலிவும் ஆகும். உறை சற்றே நெருக்கினால் 1.0 மி.மீ. பெரும்பாலும் போதும். 0.8க்குக் கீழே செல்வோர் தாங்கியையும் சேர்த்தே வரைய வேண்டும். 0.4க்குக் கீழே பலகை என்ற எண்ணத்தையே விட்டு, பிறிதொரு பொருளின்மேல் படிந்து வாழும் தோலாக அதைக் கருத வேண்டும். தடிமன் பலகையின் தனியுடைமை அன்று. பலகையை எது தாங்குகிறது என்று சொல்ல முடியாதவர் அதை மெலிக்கக் கூடாது.